இரண்டாவது வாக்கியம்

இறந்துபோனவருக்கே போன் போட்டுப் பார்த்தவர் அவர். தில்லி ஜனக்புரியில் அவர் போகும் தேவாலயத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நாள் காலை, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் காலமாகிவிட்டதாகச் செய்தி வந்தது. பத்து நிமிடத்துக்குள் நாற்பது பேர் கைகூப்பிய படம் போட்டுவிட்டார்கள். இவர் மட்டும் எதுவும் போடாமல், அந்த ஆசிரியரின் வீட்டு எண்ணைத் தேடிப் பிடித்து அடித்தார். எடுத்தவர் ஆசிரியரேதான். கோயம்புத்தூரில் அதே பெயர் கொண்ட வேறொருவர் இறந்திருக்கிறார்.

"சார், நீங்க உயிரோட இருக்கீங்களான்னு கேக்கத்தான் அடிச்சேன்" என்று இவர் சொன்னதும், மறுமுனையில் அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருக்கேன்னுதான் நினைக்கேன்மா" என்றாராம்.

இதை எங்களிடம் சொல்லும்போதுகூட அவர் சிரிக்கவில்லை. நாற்பது பேரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லையே என்ற எரிச்சல்தான் முகத்தில் இருந்தது.

எங்களிடம் என்றால், நேரு பிளேஸில் ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடியில் இருந்த எங்கள் ஆபீஸில். பெரிய மனிதர்களின் பெயர் கெடாமல் பார்த்துக்கொள்ளும் கம்பெனி அது. முன்பெல்லாம் பத்திரிகையில் என்ன வருகிறது, இணையத்தில் தேடினால் முதலில் எது வந்து நிற்கிறது என்று கவனித்தால் போதும். நான் சேர்ந்தபோது ஜனங்கள் எதற்கெடுத்தாலும் ஏஐயிடம் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். ஆகவே நாங்களும் கேட்டோம். தினமும் காலை பத்து மணிக்கு, ஐந்து ஏஐகளிடம், அதே எட்டுக் கேள்விகள். இவர் யார்? எப்படிப்பட்ட தலைவர்? இவரைச் சுற்றி ஏதாவது சர்ச்சை உண்டா? இவரிடம் வேலை பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? வருகிற பதிலை அட்டவணையில் ஒட்டி, நல்லதுக்குப் பச்சை, கெட்டதுக்குச் சிவப்பு, இரண்டுங்கெட்டானுக்கு மஞ்சள் என்று நிறம் போடுவது எங்கள் வேலை.

எங்கள் வாடிக்கையாளர்களில் பெரியவர் ஓர் ஊடக நிறுவனத்தின் தலைவர். நான்கைந்து சேனல்கள், ஒரு பழைய ஆங்கில நாளிதழ் எல்லாம் அவர் கையில் இருந்தன. தமிழிலும் ஒரு சேனல் தொடங்கப்போகிறார்கள் என்று பேச்சு. ஊடக முதலாளிகளின் சங்கம் ஒன்றுக்கு அவரைத் தலைவராக்கப்போவதாகவும் பேச்சு. தமிழில் கேட்டால் அவரைப் பற்றி ஏஐ என்ன சொல்கிறது என்று பார்க்க ஆள் தேவைப்பட்டது. நானும், இறந்தவருக்குப் போன் போட்ட அந்தப் பெண்மணியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிக்கு வந்தது இப்படித்தான்.

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அக்கா என்றுதான் கூப்பிட்டேன். எனக்கு முப்பத்தெட்டு, அவருக்கு ஐம்பத்தாறு. நான் திருச்சியிலிருந்து கல்யாணமாகித் தில்லிக்கு வந்தவள். கணவருக்கு மத்திய அரசில் வேலை, சரோஜினி நகரில் குவார்ட்டர்ஸ். அக்காவும் சிறு வயதில் அதே சரோஜினி நகரில் வளர்ந்தவர்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நர்ஸ் வேலைக்கு வந்த அம்மா, மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் தமிழ் வழியில் படிப்பு, பிறகு ஓர் ஆங்கில நாளிதழில் துணை ஆசிரியர் வேலை, அதை விட்டபின் பல வருடம் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு. அறுபது வருடமாகத் தில்லியில் இருக்கும் அந்தக் குடும்பத்தின் நெல்லைப் பேச்சு கொஞ்சமும் மாறவில்லை. நடுநடுவே இந்தியிலிருந்து அச்சாவும் அரேயும் வந்து விழும், அவ்வளவுதான்.

முதல் நாள் நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்ததுமே கேட்டார். "உன்ன யாரு இங்க அனுப்புனா?"

"யாரும் அனுப்பல மேடம். விளம்பரம் பாத்துட்டு வந்தேன்."

"எந்த விளம்பரம்? காட்டு."

செல்போனில் தேடி எடுத்துக் காட்டினேன். தேதியைப் பார்த்தார். கம்பெனியின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "மேடமெல்லாம் வேண்டாம், அக்கான்னே கூப்பிடு" என்றார்.

புடவை நன்றாக இருக்கிறது என்று சொன்னால் "என்ன வேணும், சொல்லு" என்பார். மெட்ரோவில் அடுத்த நிலையத்தின் பெயரை ஒலிபெருக்கியில் சொன்ன பிறகும் குனிந்து வெளியே பலகையைப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். லீவு முடிந்து வந்தவர்களிடம் எந்த டாக்டரைப் பார்த்தாய் என்று கேட்பார். இதனால் அவரோடு சேர்ந்து சாப்பிட ஆபீஸில் யாரும் வரமாட்டார்கள். நான் மட்டும் உட்கார்ந்தேன். தமிழ் பேச வேறு ஆள் கிடையாது என்பது ஒரு காரணம்.

எனக்கும் கோபம் வந்தது உண்டு. ஒரு தடவை என் மகளுக்குக் காய்ச்சல் என்று லீவு சொன்னேன். சாயங்காலம் போன் வந்தது. மகளிடம் கொடு என்றார். எத்தனை டிகிரி, தொண்டை வலிக்கிறதா, என்ன மாத்திரை என்று அவளிடமே விசாரித்தார். அவளுக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும், பாதி இந்தியில் சொன்னாள். பொய் சொல்லிவிட்டு வீட்டில் இருக்கிறேன் என்று நினைத்தாரா இவர் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. ஜனக்புரியிலிருந்து இரண்டு மெட்ரோ மாறி, ஒரு பாத்திரத்தில் மிளகு ரசம், இன்னொன்றில் குழைந்த சோறு என்று வந்து நின்றார். உள்ளே வந்ததும் மகளின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். உண்மையிலேயே சுட்டது. அதன்பின் மூன்று நாள் அவரே வந்தார். சரிபார்த்து முடித்தபின் அவர் செய்கிற உதவிக்கு அளவு கிடையாது. ஆனால் முதலில் சரிபார்க்காமல் விடமாட்டார்.

ஏஐயிடமும் அப்படித்தான். நாங்கள் எல்லோரும் கேள்வியைப் போட்டு, பதிலை எடுத்து ஒட்டி, நிறம் தீட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். அவர் ஒவ்வொரு பதிலுக்குக் கீழேயும் ஒன்பதாவதாக ஒரு கேள்வி போடுவார். யார் சொன்னது?

அந்தத் தலைவரைப் பற்றிய பதில்கள் ஆங்கிலத்தில் மாதத்துக்கு மாதம் இனித்துக்கொண்டே போயின. முதலில் 'முக்கியமான ஊடக நிர்வாகி' என்றது. பிறகு 'தொலைநோக்குள்ளவர்' என்றது. பிறகு ஒரு நாள், 'செய்தி அறைகளில் பெண்களின் பாதுகாப்புக்காகத் தொடக்க காலத்திலிருந்தே குரல் கொடுத்தவர்' என்று சொல்லியது. அக்கா வழக்கம்போல யார் சொன்னது என்று கேட்டார். அது மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மூன்று சுட்டிகளைக் கொடுத்தது. மூன்றும் எங்கள் ஆபீஸின் அடுத்த அறையில் உட்கார்ந்து எழுதி, வெவ்வேறு தளங்களில் வெவ்வேறு பெயரில் போடப்பட்ட கட்டுரைகள்.

"நாம சொன்னதத்தான் அது நமக்கே திருப்பிச் சொல்லுது பிள்ள" என்றார். "இதுக்குப் பச்சை வேற போடணுமாம்."

போட்டார். மஞ்சள் போட்டால் மேனேஜர் கேட்பார்.

பிப்ரவரியில் ஒரு காலை, தமிழில் கேட்ட கேள்விக்கு வேறு மாதிரி பதில் வந்தது. தலைவர் அந்த ஆங்கில நாளிதழின் பொறுப்பில் இருந்த காலத்தில், பெண் துணை ஆசிரியர் ஒருவர் அவர் மீது தவறான நடத்தை குறித்துப் புகார் கொடுத்ததாகவும், பிறகு அந்தப் பெண் வேலையை விட்டுப் போய்விட்டதாகவும் சொல்லியது. ஆங்கிலத்தில் கேட்டால் இது வரவில்லை. இந்தியில் கேட்டாலும் இல்லை. தமிழில் மட்டும், அதுவும் ஐந்தில் ஒரே ஒரு ஏஐ. எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டால் குறிப்பிட்ட ஆதாரம் தன்னிடம் இல்லை என்றது. மறுபடி கேட்டால் அதே கதையை இன்னும் விரிவாகச் சொன்னது.

நான் சிவப்புப் போட்டேன். மத்தியானத்துக்குள் ஆபீஸ் இரண்டு பட்டுவிட்டது. எங்கள் மேனேஜர் என்னைவிடச் சின்னவர், தில்லிக்காரர், எதற்கும் சத்தம் போடாத ஆள். என்னை மட்டும் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"பாருங்க, இதைத் தமிழ் தெரிஞ்ச யாரோதான் எங்கேயோ எழுதிப் போட்டிருக்கணும்" என்று இந்தியில் சொன்னார். "உங்க பக்கத்துல இருக்கிற மேடம் அந்தப் பத்திரிகையில வேலை பார்த்தவங்க. அவங்க கொடுத்த விண்ணப்பத்துலயே இருக்கு. நான் இன்னிக்குத்தான் கவனிச்சேன். உங்களுக்குத் தெரியுமா?"

அக்கா ஆங்கில நாளிதழ் என்று சொல்லியிருக்கிறார், எது என்று சொன்னதில்லை. ஒரு வருடமாக அந்த மனிதரைப் பற்றித் தினமும் எட்டுக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவர், அவரிடம் வேலை பார்த்தவள் நான் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"கொஞ்சம் கவனிச்சுச் சொல்லுங்க" என்றார் மேனேஜர். "தென்னிந்திய மொழிகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு தனிப் பிரிவு தொடங்கப்போறோம். தலைமைக்கு உங்க பேரைத்தான் யோசிச்சு வெச்சிருக்கேன்."

இரண்டையும் அடுத்தடுத்த மூச்சில் சொன்னார். நான் தலையாட்டினேன்.

இரண்டு நாள் கழித்து அக்கா சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவப் போனபோது அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். எழுந்தால் பூட்டிவிட்டுப் போகிறவர் அன்று பூட்டவில்லை. என்னைச் சோதிக்கத்தான் அப்படி விட்டுப் போனாரோ என்று பிறகு பல தடவை நினைத்திருக்கிறேன். திரையில் ஒரு கோப்பு திறந்திருந்தது. அந்தத் தமிழ்க் கேள்வி, அந்தத் தமிழ்ப் பதில், பக்கத்தில் தேதி. நான் சிவப்புப் போட்ட நாளுக்கு மூன்று வாரம் முன்பிருந்தே பதில்கள் இருந்தன. அவர் தனியாகக் கேட்டுப் பார்த்திருக்கிறார். அட்டவணையில் ஏற்றவில்லை. ஒவ்வொன்றுக்கும் கீழே அதே ஒன்பதாவது கேள்வி.

பார்த்ததை மேனேஜரிடம் சொன்னேன்.

உடனே கூப்பிட்டு அனுப்பினார். நானும் கூடவே இருக்க வேண்டும் என்றார். அக்கா உள்ளே வந்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உட்காராமல் நின்றார்.

"மூணு வாரமா உங்களுக்குத் தெரியும். ஏன் மேடம் சொல்லல?"

"சரிபாத்துட்டு இருந்தேன்" என்று இந்தியில் சொன்னார்.

"நீங்க எழுதிப் போட்டதா?"

"இல்ல. அது தப்பான தகவல். அந்தப் புகார் அவர் மேல இல்ல."

மேனேஜர் நாற்காலியில் நிமிர்ந்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"புகார் எழுதினது நான்."

நான் தரையைப் பார்த்தேன்.

அக்கா இந்தியில், செய்தி வாசிப்பவர் போலச் சொல்லிக்கொண்டு போனார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது. புகார் அங்கிருந்த செய்தி ஆசிரியர் மீது. அந்த ஆள் இப்போது உயிரோடு இல்லை. இரண்டு பக்கம் கையால் எழுதி, அன்று பொறுப்பில் இருந்த இந்தத் தலைவரின் கையில் நேராகக் கொடுத்தார். அவர் படித்தார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். மேசையின் இழுப்பறையைத் திறந்து உள்ளே வைத்தார். அதன்பின் எதுவும் நடக்கவில்லை. ஐந்து மாதம் அதே செய்தி ஆசிரியரின் கீழ் வேலை பார்த்துவிட்டு இவர் வேலையை விட்டார்.

மேனேஜருக்கு முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது. முகம் மலர்ந்துவிட்டது. "அவர் மேல இல்லைன்னு நீங்களே சொல்றீங்க! அற்புதம். அதை எழுதிக் கொடுங்க மேடம். உங்க பேரு வேண்டாம். முன்னாள் ஊழியர்னு போட்டாப் போதும்."

"எழுதுறேன்" என்றார் அக்கா. அங்கேயே ஒரு தாளில் எழுதினார். இரண்டே வாக்கியம். 'என் புகார் அவர் மீதானது அல்ல. அதை நான் அவர் கையில் கொடுத்தேன், அவர் அதன் மேல் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை.'

மேனேஜர் படித்துவிட்டு இரண்டாவது வாக்கியத்தின் மேல் விரலை வைத்தார். "இது எதுக்கு?"

"அது இல்லாம முதல் வாக்கியம் பொய் ஆயிரும்."

வெளியே வந்ததும் நான் கேட்டேன். "ஏங்கா, அந்த மனுஷன் உங்களுக்கு இவ்வளவு பண்ணியிருக்கான். கெட்ட பேரு தானா வந்து விழுந்திருக்கு. தப்புன்னு நீங்க ஏன் சொல்லணும்?"

"எனக்குச் சாதகமா இருக்குன்னு நம்பிரச் சொல்லுதியா?" என்றார். "நமக்குப் பிடிச்ச மாதிரி ஒருத்தன் பேசினாத்தான் ரெண்டு மடங்கு சந்தேகப்படணும் பிள்ள." கம்ப்யூட்டரைப் பார்த்ததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

தலைவர் அவரைப் பார்க்க விரும்புவதாகச் செய்தி வந்தது. அடுத்த வாரம் மேனேஜர், அக்கா, நான் மூன்று பேரும் நொய்டாவில் இருந்த அவர் ஆபீஸுக்குப் போனோம். காரில் அக்கா மடியில் ஒரு பிளாஸ்டிக் உறையில் அந்தத் தாளை வைத்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் உள்ளே போனதும் அவர் எழுந்து நின்று கைகூப்பினார். எழுபதை நெருங்கியிருப்பார், வெள்ளைத் தாடி, மெதுவான குரல். ஏஐ அவரைப் பற்றிச் சொல்லும் எல்லா நல்ல வார்த்தைகளுக்கும் பொருத்தமாக இருந்தார். அவர் கையாலேயே எங்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அவரைப் புகழும் கட்டுரைகளைத் தமிழில் எழுதிக் கொடுத்தவளே நான்தான், ஆனாலும் ஒரு நிமிடம் அவரை நம்பிவிட்டேன்.

தாளைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இத்தனை வருஷமாச்சு. எனக்கு அப்படி ஒரு புகார் வந்ததா ஞாபகமே இல்லை" என்றார் இந்தியில். "வந்திருந்தா கட்டாயம் மேலே அனுப்பியிருப்பேன். இந்த இரண்டாவது வரி, மன்னிக்கணும், என் ஞாபகத்தோட ஒத்துப்போகல."

"ரெண்டு பக்கம். நீல மை" என்றார் அக்கா. "நீங்க படிச்சுட்டு, கடைசிப் பக்கத்துல கையெழுத்துப் போடலையேன்னு என்கிட்ட திருப்பிக் கொடுத்தீங்க. உங்க பேனாவிலதான் போட்டேன்."

அவர் அக்காவை உற்றுப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவரின் முகத்தில் திடீரென்று ஒரு வெளிச்சம், பழைய தெரிந்தவரைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் மாதிரி.

"அரே, அது நீங்களா? நான் அந்த இன்னொரு பொண்ணுன்னு நினைச்சுட்டேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே எட்டியது. கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். மேனேஜர் தண்ணீர் டம்ளரைத் தூக்கி, குடிக்காமல் கீழே வைத்தார்.

"எந்த இன்னொரு பொண்ணு?" என்று கேட்டார் அக்கா.

"வயசாயிடுச்சு. பேரு, முகம் எல்லாம் குழம்புது."

"எந்தப் பொண்ணு சார்? அவங்க புகார் யார் மேல?"

அவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் எழுந்தார். நாங்களும் எழுந்தோம். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

திரும்பி வரும்போது யமுனைப் பாலத்தில் கார் நின்று நின்று நகர்ந்தது. அக்கா உறையிலிருந்து தாளை எடுத்தார். அதுவரை நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. உதடு வறண்டு, கழுத்து வியர்த்திருந்தது.

"தப்பான தகவல்னு நான் சொன்னேன்ல" என்றார் தமிழில், என்னிடம் மட்டும். "யாரு சொன்னா? நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். அந்தப் பத்திரிகையில புகார் எழுதுன ஒரே பொம்பள நான்தான்னு எப்படி நினைச்சேன்? இத்தனை வருஷம் அப்படித்தான் நினைச்சிருக்கேன். ஒருத்தர்ட்டயும் கேக்கலியே."

தாளை நான்காகக் கிழித்து உறைக்குள் போட்டுக்கொண்டார். மேனேஜரிடம் இந்தியில், "நான் எதுவும் எழுதிக் கொடுக்க முடியாது. என் புகாரைப் பத்தி மட்டும்தான் எனக்குத் தெரியும். ஏஐ சொல்றது எந்தப் புகாரைப் பத்தின்னு எனக்குத் தெரியாது" என்றார். மறுவாரம் வேலையை விட்டார். போகும்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார், என்னிடமும். ராஜினாமாவை மேனேஜர் வாங்கிக்கொண்டாரா என்று அறைக்குள் போய் இரண்டு தடவை கேட்டு, முத்திரை வைத்த நகல் வாங்கிக்கொண்டுதான் படியிறங்கினார்.

அவர் போன மூன்றாம் நாள் மேனேஜர் என்னிடம் வந்தார். "அவங்க வாயால சொன்னதுதானே. நாம இட்டுக்கட்டலையே. ஒரே ஒரு வரி, நீங்களே எழுதுங்க."

எழுதினேன். 'அப்போது அங்கே பணியாற்றிய பெண் ஊழியர் ஒருவர், அந்தப் புகார் அவர் மீதானது அல்ல என்று பின்னர் தெளிவுபடுத்தியுள்ளார்.' அதைச் சுற்றி ஒரு கட்டுரை வளர்த்து, தமிழில் நான்கு இடங்களில் போட்டோம். ஆங்கிலத்திலும் இந்தியிலும் மற்றவர்கள் மொழிபெயர்த்துப் போட்டார்கள். ஏப்ரல் முடிவதற்குள் தமிழ்ப் பதில் மாறியது. புகார் ஒன்று பேசப்பட்டதாகவும், அது அவர் மீதானது அல்ல என்று சம்பந்தப்பட்ட காலத்தில் பணியாற்றிய பெண் ஒருவரே உறுதிசெய்திருப்பதாகவும் ஏஐ சொன்னது. பிறகு இன்னும் கொஞ்ச நாளில் ஐந்து ஏஐகளும், மூன்று மொழிகளிலும் அதையே சொல்லின. அவருக்குச் சங்கத்தின் தலைவர் பதவி கிடைத்தது. எனக்குத் தனி அறை கிடைத்தது.

யார் சொன்னது என்று அதனிடம் ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். என் கட்டுரையின் சுட்டியைக் கொடுத்தது.

அக்டோபரில் அக்கா போன் செய்தார். "ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு பதினோரு மணிக்கு வீட்ல இருப்பேன். வா" என்றார். எதற்கு என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

ஜனக்புரியில் இரண்டாவது மாடி வீடு. முன்னறையில் ஒரு மேசை, அதன் மேல் ஒரு பழைய டைரி, பேனா, லேப்டாப். கொஞ்சம் இளைத்திருந்தார். மகள் எப்படி இருக்கிறாள், இப்போது எந்த வகுப்பு என்று விசாரித்தார். காப்பி கொடுத்தார். பிறகு எதிரே உட்கார்ந்து டைரியைத் திறந்தார். பக்கம் பக்கமாகப் பெயர்கள், தொலைபேசி எண்கள், பாதி அடிக்கப்பட்டிருந்தன.

"அந்தக் காலத்துல அந்தப் பத்திரிகையில வேலை பாத்த பொம்பளைங்க பதினாலு பேரு. ஆறு மாசமா ஒவ்வொருத்தியா தேடிப் போன் போட்டேன். ரெண்டு பேரு உயிரோட இல்ல. ஒருத்தி என் சத்தம் கேட்டதும் வச்சிட்டா. பன்னெண்டாவது ஆளு ஒத்துக்கிட்டா."

"அவங்கதானா?"

"அவதான். எனக்கு ரெண்டு வருஷம் முந்தி. புகார் அவர் மேலயேதான். அவர்கிட்டயே கொண்டுபோய்க் கொடுத்திருக்கா, வேற யார்ட்ட கொடுக்கன்னு தெரியாம." டைரியை மூடினார். "பேரு சொல்லமாட்டேன். சொல்லாதன்னு கேட்டுக்கிட்டா."

"அவங்க இப்பப் பேசுவாங்களாக்கா?"

"பேசணும்னுதான் இருந்திருக்கா. அவருக்குப் பதவி கொடுக்கப்போறாங்கன்னு கேள்விப்பட்டு, எழுதிர வேண்டியதுதான்னு முடிவு பண்ணியிருக்கா. எழுதுறதுக்கு முந்தி, வெளிய என்ன பேசிக்கிடுதாங்கன்னு பாக்க ஏஐயில கேட்டிருக்கா. அங்க வேலை பாத்த ஒரு பொம்பளையே அவர் மேல தப்பில்லன்னு சொல்லிட்டான்னு அது சொல்லியிருக்கு. நம்ம கூட இருந்தவளே அப்படிச் சொல்லிட்டா, இனிமே நான் சொன்னா யாரு நம்புவான்னு விட்டுட்டா. அந்தப் பொம்பள யாருன்னு என்கிட்ட கேட்டா பிள்ள. நான்தான்னு சொன்னேன்."

கீழே தெருவில் பழைய சாமான் வாங்குகிறவன் கத்திக்கொண்டு போனான். காப்பியின் மேல் ஆடை படிந்துவிட்டது. நான் குடிக்கவில்லை.

"அந்த வரிய எழுதினது யாரு?"

"நான்தான்கா."

"தெரியும். உன் வாயால கேக்கணும்னுதான் கூப்பிட்டேன்." குரலில் கோபம் இல்லை. அட்டவணையில் ஒரு பதிலைச் சரிபார்க்கிற அதே குரல். "எழுதும்போது எங்கயாவது நிறுத்துனியா?"

வேலை, அறை, மேனேஜர் என்று சொல்வதற்கு நிறைய இருந்தது. மெட்ரோவில் வரும்போது அதையெல்லாம் வரிசையாக அடுக்கிக்கொண்டுதான் வந்தேன். எழுதும்போது மனசு கேட்கவில்லை, அழுதேன் என்றுகூடச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு இடத்துல நிறுத்தினேன்கா" என்றேன். "கமா 'ஒருவர்'ங்கிறதுக்கு அப்புறம் போடறதா, 'அல்ல'ங்கிறதுக்கு அப்புறம் போடறதான்னு."

அக்கா தலையை மெல்ல ஆட்டினார்.

"இத நம்புதேன்" என்றார்.

ஆறிப்போன காப்பியை என் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அடுப்படியில் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. வெகு நேரம் மூடவில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு இறங்கினேன்.